போனைப் பிடுங்குவதற்கு முன்: சேலத்துப் பிள்ளைகளை விளையாட இறக்கும் வழி

வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது, போனை பீரோவில் வைத்துப் பூட்டுவது, ரீசார்ஜ் போடாமல் இழுத்தடிப்பது, இதில் ஒன்றையாவது செய்து பார்க்காத வீடு நம் ஊரில் குறைவு. மூன்று நாள் வீடு அமைதியாக இருக்கும். நாலாம் நாள் பையன் பாட்டியின் போனில் இருப்பான், பாட்டிக்கு ரீல்ஸ் பார்க்கக் கற்றுக் கொடுத்ததே அவன்தான் என்பதால் அவரும் காட்டிக் கொடுக்க மாட்டார். போனை எடுத்துவிட்டோமே தவிர, அந்த நேரத்தில் அவன் என்ன செய்வான் என்று நாம் யோசிக்கவில்லை. "போய் விளையாடுடா" என்று சொல்லிவிடலாம். எங்கே போய், யாரோடு, என்ன விளையாட்டு? அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்துக்குள் குடியிருக்கும் பிள்ளைக்கும், ஃபேர்லேண்ட்ஸில் மூன்றாவது மாடியில் இருக்கும் பிள்ளைக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, அதனால்தான் திரும்பவும் சோபாவில் வந்து விழுகிறார்கள்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் விளையாட்டை ஏற்பாடு செய்யுங்கள், அது ஓடத் தொடங்கிய பிறகு போனில் கை வையுங்கள். தலைகீழாகச் செய்தால் சண்டைதான் மிஞ்சும். எட்டிலிருந்து பதினெட்டு வயது வரை பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன், ஆனால் அண்ணன், அக்கா, மாமா, சித்தி யார் செய்தாலும் நடக்கும். சொல்லப்போனால் அம்மா அப்பாவை விட, கல்லூரி படிக்கும் ஒரு அண்ணன் கூப்பிட்டால்தான் பத்து பேர் வருகிறார்கள்.

எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்புக்கு நல்ல அசைவு வேண்டும் என்கிறது. வாரத்தில் 3 நாளாவது மூச்சு வாங்க ஓடுகிற ஆட்டமும், குதிப்பது, ஏறுவது, தொங்குவது போல தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுப்பதும் அதில் இருக்க வேண்டும். சராசரிக் கணக்கு என்பதால் செவ்வாய்க்கிழமை டியூஷனில் தவறிப் போனதை ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரமும் ஓட வேண்டியதில்லை, பள்ளிக்கு சைக்கிளில் போக 15, வர 15 என்றாலே பாதி முடிந்துவிட்டது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிள் எத்தனை வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே துணி காய்ந்துகொண்டு நிற்கிறது என்று பாருங்கள், முதலில் அதற்குக் காற்றடிக்கலாம்.

எது "நல்ல அசைவு" என்று கண்டுபிடிக்க வாட்ச் எதுவும் வாங்க வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு முட்டுகிறது என்றால் கடுமையானது. இரண்டும் கலந்து வந்தால் போதும்.

திரை நேரத்துக்கு என்ன கணக்கு? 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அதே நிறுவனம் 2019-ல் கறாராகச் சொன்னது. பெரிய பிள்ளைகளுக்கு அப்படி மணிக்கணக்கு எதுவும் கொடுக்கவில்லை, உட்கார்ந்து பொழுதுபோக்காகப் பார்ப்பதைக் குறையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. நாமும் இரண்டு மணி நேரமா இரண்டரையா என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். தூங்கினானா, ஒரு மணி நேரம் உடம்பு அசைந்ததா, வீட்டுப்பாடம் முடிந்ததா, ஒரு வேளையாவது நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டானா. இந்த நாலும் நடந்துவிட்டால் மிச்ச நேரத்தில் அவன் என்ன பார்க்கிறான் என்பதுதான் கவலை, எவ்வளவு நேரம் என்பது பெரிய கவலை இல்லை. எனக்குத் தெரிந்து இந்த நாலும் ஒழுங்காக நடக்கிற வீட்டில் மிச்சம் அவ்வளவாக இருப்பதும் இல்லை.

ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கணக்குப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். எந்த ஆப், எத்தனை மணி நேரம் என்று அதுவே சொல்லிவிடும். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், பார்த்த கையோடு உங்கள் போனையும் திறந்து காட்டுங்கள். உங்கள் கணக்கு அவனுடையதை விட அதிகமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது நல்லதுதான், பேச்சு போலீஸ் விசாரணை மாதிரி இல்லாமல் சமமாகப் போகும்.

மொத்த மணி நேரத்தைப் பார்த்து அலற வேண்டாம். பாடத்துக்காக யூடியூப் பார்த்தது, தாய்மாமாவோடு வீடியோ கால் பேசியது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். எந்த வேளையில் போகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு இடத்தில் வந்து நிற்கும்: பள்ளி விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கையில் இன்னொன்று. முதலாவது விளையாட்டின் நேரம், இரண்டாவது தூக்கத்தின் நேரம். மத்தியானம் ஞாயிற்றுக்கிழமை படம் பார்ப்பதை எல்லாம் விட்டுவிடுங்கள், இந்த இரண்டை மட்டும் மீட்டால் போதும்.

ஸ்குவாட்

நீங்களே படிக்கிற பிள்ளையாக இருந்தால் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தனியாக ஒரு பிள்ளை வெளியே போகவே போகாது. போனாலும் கேட்டுக்கு வெளியே ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடும். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மாதிரி போனில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டங்கள் பிடித்து வைப்பதற்கு படமும் சத்தமும் மட்டும் காரணம் இல்லை, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ஸ்குவாட்டுக்கு, அதாவது அணிக்கு, நாலு பேர். "டேய் நீ வரலைன்னா ஆள் குறையுதுடா" என்று மூன்று பேர் கூப்பிடுகிறார்கள், நம் வீட்டில் "எந்நேரமும் போனு" என்று ஒருவர் திட்டுகிறார், அவன் யார் பக்கம் போவான்?

ஆகவே அதே நாலு பேரைக் கேளுங்கள். யார் யார், எந்தத் தெரு, யாரிடம் சைக்கிள் இருக்கிறது. ஷட்டில் இரட்டையர் ஆட்டத்துக்கும் சரியாக நாலு பேர்தான் வேண்டும். இரண்டு பேரின் அம்மாக்களிடம் நீங்களே பேசி, வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் அஞ்சரை, இன்ன இடம் என்று முடிவு செய்துவிடுங்கள். மட்டை ஒருவர் வீட்டிலிருந்து, இறகுப் பந்து இன்னொருவர் வீட்டிலிருந்து. வாட்ஸ்அப் குரூப் ஒன்று அவர்களே போட்டுக்கொள்ளட்டும், நாலேமுக்காலுக்கு "யார் யார் வர்றீங்க" என்று ஒரு மெசேஜ் போனால் போதும். போன் அந்த வேலைக்கு நன்றாகவே பயன்படும், அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பெரியவர்கள் அந்த குரூப்பில் சேரக்கூடாது, குட்மார்னிங் படம் வந்த அன்றே அது செத்துவிடும்.

நாலு என்று ஆரம்பித்து எட்டு பத்து ஆனதும் ஆட்டம் தானாகவே டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கோ கோகோவுக்கோ மாறும். மாறட்டும்.

எங்கே, எந்த நேரத்தில்

ஏப்ரல், மே மாதத்துச் சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மலை, நடுவே கொதிக்கிற தட்டாக ஊர். காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே விரட்டுவது தப்பு, அந்த நேரத்தில் டிவியோ போனோ பார்த்தால் பார்க்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கோடை லீவில் காலை ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் ஐந்துக்கு மேல். தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஆட்டத்துக்கு நடுவில் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால் உடனே நிழலில் உட்கார வேண்டும், "இன்னும் ஒரு ஓவர்தான்" எல்லாம் கூடாது.

இடம் என்றால் முதலில் பள்ளி மைதானம். சாயங்காலம் பூட்டித்தான் வைக்கிறார்கள் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கோரிக்கையாக வையுங்கள், நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் தலைமையாசிரியருக்கும் திறப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். ஓட்டம், தாண்டுதல் என்று முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் காந்தி ஸ்டேடியம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட ஸ்டேடியங்களில் கோடைப் பயிற்சி முகாம் நடத்தும், பரீட்சை முடிவதற்கு முன்பே போய் விசாரித்து வையுங்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு மூக்கனேரிக் கரை நடக்கவும் ஓடவும் அருமை. ஆனால் ஏரி, கிணறு, காவிரி என்று நீச்சலுக்குப் பெரியவர் துணையில்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள், இதில் சமரசமே கிடையாது. நீச்சல் கற்றுக்கொடுப்பதானால் நீங்களோ தெரிந்த ஆளோ கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும்.

எதுவுமே இல்லாத சந்தில் குடியிருக்கிறோம் என்பவர்களுக்கு மொட்டை மாடி. ஸ்கிப்பிங் கயிறு ஒன்று, சுண்ணாம்புக் கட்டி ஒன்று போதும். ஸ்கிப்பிங், பாண்டி இரண்டுமே குதிக்கிற ஆட்டம், எலும்புக்கு வேலை வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இதில் வந்துவிடுகிறது. கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். பம்பரம், ஏழாங்கல், பச்சைக்குதிரை எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். தெரியாது, அவ்வளவுதான். ஒரு சித்தப்பா ஒரு சாயங்காலம் பம்பரத்தில் சாட்டை சுற்றிக் காட்டினால் மறுநாள் தெருவில் பத்து பம்பரம் இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று, கண்ணாடி போட்ட பிள்ளைகள் கூடிக்கொண்டே போவதால் இது உபயோகப்படும். பகல் வெளிச்சம் கண்ணில் படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, விழி தேவைக்கு மேல் நீண்டு போகாமல் அது தடுக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். விழி நீண்டு போவதைத்தான் கிட்டப்பார்வை என்கிறோம். சீனாவின் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 3 வருடம் கழித்து அப்படி வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, போகாத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு. ஏற்கெனவே வந்த பவர் இதனால் இறங்கிவிடாது, வராமல் தள்ளிப்போட உதவும். உச்சி வெயில்தான் வேண்டும் என்றும் இல்லை, புளியமர நிழலில் நின்றாலும் வீட்டு டியூப்லைட்டை விடப் பல மடங்கு வெளிச்சம். பொழுது சாய்ந்த பிறகு ஃபிளட் லைட்டில் ஆடுவது உடம்புக்கு நல்லது, கண்ணுக்கு இந்தப் பலனைத் தராது. எனவே அஞ்சரை என்று சொன்னேன், ஏழரை என்று சொல்லவில்லை.

பெண் பிள்ளைகள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 146 நாடுகளின் கணக்கை வைத்து 2019-ல் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் சொன்னது, 11 முதல் 17 வயது வரை பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குத் தேவையான உடலசைவு இல்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. நம் தெருவில் அந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆய்வு எதுவும் தேவையில்லை, சாயங்காலம் மைதானத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். ஆறாவது வரை ஓடி ஆடிய பெண் பிள்ளை, வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் போய்விடுகிறாள், கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம், அப்புறம் "எப்பப் பாரு இன்ஸ்டாகிராம்" என்று நாமே புலம்புகிறோம்.

"மைதானம் பூரா பசங்கதான், எப்படி அனுப்பறதுங்க?" என்று கேட்கும் அம்மாக்களின் கவலை நியாயமானது, "காலம் மாறிடுச்சு" என்று ஒரு வார்த்தையில் தட்டிவிட முடியாது. நடைமுறையில் வேலைக்கு ஆகிற வழிகள் இவை. மூன்று நாலு பெண் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள், ஒரு அத்தையோ பாட்டியோ அதே நேரத்தில் அங்கே நடைப்பயிற்சி போகட்டும், காவலும் ஆயிற்று அவருக்கும் நடை ஆயிற்று. மைதானத்தில் ஒரு மூலையை, ஷட்டில் வலை கட்டுகிற இடத்தை, ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு என்று பையன்களிடமே பேசி ஒதுக்குங்கள், தெருவில் மரியாதை உள்ள ஒரு அண்ணன் சொன்னால் கேட்பார்கள். சிலம்பம், கராத்தே மாதிரி வகுப்பு இருந்தால் இன்னும் வசதி, நேரமும் ஆசிரியரும் உறுதியாக இருப்பதால் வீட்டில் அனுமதி வாங்குவது சுலபம். மாதவிடாய் நாட்களில் ஆடக்கூடாது என்று பொதுவாக மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, வலி இருந்தால் ஓய்வு, இல்லாவிட்டால் அவள் விருப்பம்.

வீட்டு வேலையும் உடற்பயிற்சிதானே என்று ஒரு வாதம் வரும். பையனுக்கு அந்தக் கணக்கு சரி, தண்ணீர்க் குடம் தூக்கட்டும், வண்டி கழுவட்டும், மாடி பெருக்கட்டும். பெண் பிள்ளைக்கு ஏற்கெனவே அதெல்லாம் தலையில் இருக்கிறது, அதைக் காட்டி விளையாட்டைக் கழித்துவிடாதீர்கள்.

எந்த ஆட்டம்?

சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்த நடராஜன் இந்திய கிரிக்கெட் அணிக்குப் போனது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் பாதிக்கப்பட்டவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சொல்லுங்கள், பெருமையாகச் சொல்லுங்கள். ஆனால் மட்டையைக் கையில் கொடுத்த மறுநாளே "நீயும் நடராஜன் மாதிரி வரணும்" என்று ஆரம்பித்தால் அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். விளையாட்டு வீரன் ஆக்குவது வேறு வேலை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே நமக்கு அவன் வியர்த்து வந்தால் போதும்.

அதிகம் போனில் கிடக்கும் பிள்ளைகளில் பல பேர் மைதானத்தில் அவமானப்பட்டவர்கள். குண்டாக இருப்பான், மெதுவாக ஓடுவான், அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவான், பீல்டிங்கில் எல்லைக்கு அந்தப் பக்கம் பந்து பொறுக்க நிறுத்துவார்கள். போனில் அவனை யாரும் அப்படி நடத்துவதில்லை. இந்தப் பிள்ளைக்கு அணி ஆட்டம் முதலில் வேண்டாம். சைக்கிள், நடை, ஸ்கிப்பிங், நீச்சல், மாடியில் உங்களோடு ஷட்டில் என்று ஆரம்பியுங்கள். உடம்பு பழகிய பிறகு அவனாகவே போவான். மூச்சிரைப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் விளையாடலாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும்.

இப்போது போன்

ஆட்டம் இரண்டு மூன்று வாரம் ஓடிய பிறகு போனுக்கு வாருங்கள். முக்கியமானது இதுதான்: பிஜிஎம்ஐ மாதிரி ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, ஒரு ஆட்டம் அரை மணி நேரம் வரைகூட இழுக்கும், பாதியில் எழுந்தால் அவனோடு ஆடுகிற மூன்று பேருக்கும் ஆள் குறையும். நாம் சமையலறையிலிருந்து "இப்ப வர்றியா இல்லையா" என்று கத்தும்போது அவனுக்கு வருகிற கோபம் அதனால்தான். ஆரம்பிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

"கண்ணு, அஞ்சரைக்குக் கிளம்பணும், இன்னும் எத்தனை மேட்ச்?"

"ஒண்ணும்மா. இதான் கடைசி."

"சரி, முடிச்சுட்டு வா."

கடிகார நிமிஷத்தில் நிறுத்தாமல் ஆட்டத்தின் முடிவில், வீடியோவின் முடிவில் நிறுத்துவது யாருக்கும் சுலபம். ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் அந்த முடிவு என்பதே கிடையாது, கீழே கீழே வந்துகொண்டே இருக்கும், அதனால் அவற்றுக்கு மட்டும் ஆப் டைமர் போடுங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப் தவிர மற்ற ஆப்களின் நோட்டிபிகேஷனை அணையுங்கள். சின்னப் பிள்ளை என்றால் பெற்றோர் கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க் ஆப் போடலாம், பதினைந்து வயதுக்காரனிடம் போட்டால் ஒரு வாரத்தில் அதை உடைக்கக் கற்றுக்கொள்வான், அவனிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி விஷயம் இன்னும் எளிது. எல்லோருடைய சார்ஜரும் ஹாலில், ஒரே பிளக் போர்டில். உங்களுடையதும் அங்கேதான். "அலாரத்துக்கு போன் வேணும்" என்பான், கடைத்தெருவில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், பேச்சு முடிந்தது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18-க்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். காலையில் எழுப்பவே முடியவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

"ஒரு மணி நேரம் விளையாடினா ஒரு மணி நேரம் போன்" என்று பேரம் பேசாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விளையாட்டு கூலி வேலையாகவும் போன் சம்பளமாகவும் ஆகிவிடும். ஆட்டம் முடிந்து வரும் வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பது வேறு, அதற்கு என் முழு ஆதரவு உண்டு.

போனைக் கேட்டால் சாமானை உடைக்கிறான், தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கே போக மறுக்கிறான், நெருங்கிய நண்பர்களையும் விட்டுவிட்டான் என்ற அளவுக்குப் போயிருந்தால் மைதானம் மட்டும் போதாது. போனுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், முதலில் பேச மட்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது வருடத்தில் விளையாட்டை அறவே நிறுத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிடி பீரியடை கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது போதாது என்று சாயங்காலத்தையும் நாம் எடுத்துக்கொள்கிறோம். நிறுத்தியதில் மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரம் புத்தகத்துக்குப் போவதில்லை, புத்தகத்துக்குள் வைத்த போனுக்குப் போகிறது. அந்த வருடம் அரை மணியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மலை

ஊருக்கு மேலே சேர்வராயன் மலையை வைத்துக்கொண்டு பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப் போவது எனக்குப் புரியவே இல்லை. ஏற்காட்டுக்கு முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள், 20 கொண்டை ஊசி வளைவு, வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஜன்னலோர சீட்டும் ஒரு எலுமிச்சம்பழமும். மலைப்பாதையிலேயே நடந்து ஏறலாம் என்று ஆசைப்பட வேண்டாம், வளைவுகளில் பைக்குகள் வருகிற வேகத்துக்குப் பிள்ளைகளோடு ஓரத்தில் நடப்பது ஆபத்து. மேலே போய் இறங்கி நடங்கள். ஏரியைச் சுற்றி ஒரு நடை, பழகிய கால் என்றால் பகோடா பாயிண்ட், இன்னும் தெம்பு இருந்தால் சேர்வராயன் கோயில். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் நடக்க முடிகிற இடம் நமக்கு அது ஒன்றுதான். கோடை விழா சமயத்தில் கூட்டம் நெரியும், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான் அருவி, இறங்குகிற பாதை செங்குத்து, பாசி வழுக்கும், சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். மேப் அவன் கையில், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், கடைசி பஸ் எப்போது என்று விசாரிப்பதும் அவன். போட்டோ எடுக்கட்டும், ரீல் போடட்டும், நடந்துகொண்டே போட்டால் சரி. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: காபித் தோட்டத்து ஓரங்களில் காட்டெருமை நிற்கும், அசையாமல் நிற்பதால் சாதுவாகத் தெரியும். அதோடு செல்பி எடுக்கக் கிட்டே போகக்கூடாது, கல் எறியக்கூடாது, சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்கி, அது தானாக நகர்கிற வரை தள்ளி நிற்க வேண்டும்.